தளத்துக்குள் நீர்க்குழாய்: காவிரி டெல்டா வீடுகளில் கட்டடத்தையே குளிர்விக்கும் முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரை மாத இரவு பத்து மணிக்கு, தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ, மேலே இன்னொரு மாடி இல்லாத ஒரு படுக்கையறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஸ்டூல் மேல் ஏறிக் கூரையின் அடிப்பரப்புக்குக் கீழே ஒரு சாண் தள்ளி உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லின் அருகே கையைக் கொண்டுபோனாற்போல அனல் படும். வெளியே காற்று தணிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். பகல் முழுவதும் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம்தான், தான் குடித்ததை இப்போது அறைக்குள் கக்கிக்கொண்டிருக்கிறது. விசிறியைப் போட்டால் அனல்காற்று வீசுகிறது என்று நாம் குறைபட்டுக்கொள்வது இதைத்தான்.

நம் உடலின் தோல் ஏறத்தாழ 34 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள சுவரும் தளமும் அதைவிடக் குளிர்ந்திருந்தால் உடலின் வெப்பம் கதிர்வீச்சாக அவற்றை நோக்கிச் செல்கிறது. அவை அதைவிடச் சூடாக இருந்தால் வெப்பம் திரும்பி நம்மை நோக்கி வருகிறது. பெரிய கோயிலின் கல் மண்டபத்தில் உச்சி வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது காற்றே இல்லாவிட்டாலும் உடம்பு ஆறுவதற்கு இதுவே காரணம். கோடை மாலையில் 40 டிகிரியை எட்டிவிடும் தளத்தின் அடிப்பரப்பை 32 டிகிரிக்குக் கொண்டுவர முடிந்தால், அறைக் காற்றில் பெரிய மாற்றம் இல்லாமலேயே, அதே விசிறியின் கீழ் உறக்கம் வரும். தளத்துக்குள் குழாய் பதித்து நீரை ஓட்டும் முறை செய்வது இந்த ஒரு வேலையைத்தான்.

தரைக்கடியில் வெந்நீரை ஓட்டி அறையைச் சூடாக்குவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தொழில்நுட்பமே. ரோமானியர்களின் குளியல் மண்டபங்களிலும் கொரியாவின் ஒண்டோல் வீடுகளிலும் தரைக்கடியில் அடுப்பின் சூடான புகையை ஓடவிட்டார்கள். இன்று குளிர்நாடுகளில் அதே இடத்தில் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. மார்கழி விடியலிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் டெல்டாவுக்கு அது தேவையில்லை என்பதால், இந்தக் கட்டுரை குளிர்விப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

காற்றுக்குப் பதிலாக நீர் ஏன் என்ற கேள்விக்கு விடை எளிது: ஒரே கொள்ளளவில் நீர் சுமக்கும் வெப்பம் காற்று சுமப்பதைப் போல மூவாயிரம் மடங்குக்கும் மேல். விரற்கடை அளவுள்ள குழாயில் மெதுவாக ஓடும் நீர், பெரிய காற்றுக்குழாய் செய்யும் வேலையைச் செய்துவிடுகிறது.

படி 1: பனிநிலையை உங்கள் வீட்டிலேயே அளந்து பாருங்கள்

இந்த முறையைப் பற்றிப் படித்துவிட்டு, ஐரோப்பாவில் ஓட்டுவதுபோல 16 டிகிரிக் குளிர்நீரை இங்கே தளத்தில் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. நன்றாகத் துலக்கிய எவர்சில்வர் டம்ளரில் பாதியளவு நீர் ஊற்றி, ஒரு வெப்பமானியை அதில் நிறுத்தி, சிறு சிறு பனிக்கட்டித் துண்டுகளாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். டம்ளரின் பளபளப்பு மங்கி வெளிப்புறத்தில் ஆவி படியும் கணத்தில் வெப்பமானி காட்டும் அளவே அன்றைய பனிநிலை, அதாவது காற்றில் உள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை. காற்று 32 டிகிரியும் ஈரப்பதம் 70 விழுக்காடும் உள்ள ஒரு நாளில் அது 26 டிகிரியை ஒட்டி இருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் இது அரிதான நாள் அன்று.

அதாவது, அறையில் 26 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பும் வியர்க்கும். 16 டிகிரி நீர் ஓடும் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் விழும், பூச்சு பூசணம் பிடிக்கும், தரையில் ஓட்டியிருந்தால் வழுக்கி விழ நேரும். டெல்டாவில் இந்த முறை தோற்கக்கூடிய இடம் இதுதான். இதை மனத்தில் வைக்காமல் தரும் எந்த விலைப்பட்டியலையும் ஏற்க வேண்டாம்.

இதற்கு நம் ஊரின் காற்றே ஒரு நல்ல விடையை வைத்திருக்கிறது. டபராவுக்கும் டம்ளருக்கும் இடையே காபியை ஆற்றுவதுபோல, நீரைத் துளிகளாக்கிக் காற்றில் விழவிட்டால் அதில் ஒரு பகுதி ஆவியாகி மற்றது குளிர்கிறது. இப்படி ஆற்றிய நீர் எட்டக்கூடிய மிகக் குறைந்த அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது எப்போதும் வெளிக்காற்றின் பனிநிலைக்குக் கீழே போவதில்லை. மேலே சொன்ன நாளில் அது சுமார் 27.5 டிகிரி. காற்று 38 டிகிரியும் ஈரப்பதம் 40 விழுக்காடும் உள்ள கத்திரி வெயில் நாளில் பனிநிலை 22 டிகிரியாகவும் ஈரக்குமிழ் வெப்பநிலை 27 டிகிரியாகவும் இருக்கும். குளிர்பதன இயந்திரம் இல்லாமல் வெறும் காற்றில் ஆற்றிய நீரை மட்டும் ஓட்டினால், வெளிக்காற்றைவிட அறைக்காற்று ஈரமாக இல்லாத வரையில் தளம் வியர்க்க வழியே இல்லை. குளிர் குறைவு, ஆபத்தும் இல்லை. டெல்டாவின் சாதாரண வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். இனி வரும் படிகள் அதற்கானவை.

படி 2: வெயிலை மேலேயே நிறுத்துங்கள்

மொட்டை மாடியில் வெயில் நேராக இறங்கும் தளத்துக்குள் குழாய் பதிப்பது, கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஏசியை ஓட்டுவதற்கு ஒப்பானது. தளத்தின் மேல் 50 மில்லிமீட்டர் கனமுள்ள, நீர் ஊறாத வெப்பக்காப்புப் பலகையைப் பரப்பி, அதன்மேல் சாய்வுக் கலவையும் வெள்ளைத் தட்டோடும் பதிக்க வேண்டும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துப் போடும் பழைய தளவரிசை நல்லதுதான் என்றாலும், குழாய் ஓடும் தளத்துக்கு அது மட்டும் போதாது. மேற்குச் சுவருக்கு நிழல் தருவதும் இந்தப் படியில் அடங்கும். பணம் குறைவாக இருந்தால் இந்தப் படியோடு நிறுத்திக்கொள்வதில் தவறில்லை. குழாயைவிடக் காப்பே முதலில் வர வேண்டியது.

படி 3: கணக்குப் போடுங்கள்

மேல்தளம் 100 சதுர மீட்டர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கூரைவழி இறங்கும் வெப்பத்துக்கும் அறைக்குள் உண்டாகும் வெப்பத்தில் ஒரு பங்குக்கும் சேர்த்து, சதுர மீட்டருக்கு 30 வாட் நீக்குவதை இலக்காக வைத்தால் மொத்தம் 3000 வாட். நீர் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் இடையில் 3 டிகிரி வேறுபாடு இருக்கட்டும் என்று கொண்டால், மணிக்கு ஏறத்தாழ 860 லிட்டர் நீர் சுற்றிவர வேண்டும். குழாய்களுக்கு இடையே 200 மில்லிமீட்டர் விட்டால் சதுர மீட்டருக்கு 5 மீட்டர் வீதம் 500 மீட்டர் குழாய் தேவை. அதை ஆறு சுற்றுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 83 மீட்டர் நீளத்தில், நிமிடத்துக்கு 2.4 லிட்டர் நீரைச் சுமக்கும். 16 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாயில் இந்த ஓட்டத்துக்கு உண்டாகும் உராய்வு இழப்பு இரண்டு மீட்டர் நீர்மட்டத்துக்கும் குறைவு என்பதால், 100 வாட்டுக்குக் குறைந்த ஒரு சுழற்சி பம்பே போதுமானது. ஒன்றரை டன் ஏசி சுமார் 1500 வாட் இழுப்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

குழாயைத் தரையில் பதிக்காமல் கூரையில் பதிப்பதற்கும் கணக்கு உண்டு. குளிர்ந்த கூரை, தனக்கும் அறைக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் உறிஞ்சும். குளிர்ந்த தரை 7 வாட்தான் உறிஞ்சும், கட்டிலும் பாயும் அதையும் மறைத்துவிடும். மேலும், டெல்டாவின் களிமண்ணில் மேடேற்றிக் கொட்டிய மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருப்பதால், தரைத்தளத்தில் பதித்த குழாய்க்கு விரிசல் ஆபத்து எப்போதும் உண்டு.

படி 4: குழாயும் அதன் பாதையும்

பெக்ஸ் எனப்படும் குறுக்கிணைப்புப் பாலிஎத்திலீன் குழாயில், ஆக்சிஜன் ஊடுருவாத படலம் கொண்டதையே கேட்டு வாங்க வேண்டும். அந்தப் படலம் இல்லாவிட்டால் குழாயின் சுவர்வழியாகவே காற்று நீரில் கலந்து, பம்பின் இரும்புப் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கும். ஒவ்வொரு சுற்றும் ஒரே சுருளிலிருந்து வந்ததாக, கான்கிரீட்டுக்குள் எந்த இணைப்பும் இல்லாததாக இருத்தல் வேண்டும்.

அடிக்கம்பி கட்டி முடித்து, கவர் பிளாக் வைத்தபின், மேல்கம்பி கட்டுவதற்கு முன் குழாயை விரிக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த கொசுவத்தியில் இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருப்பதுபோல, போகும் குழாயும் திரும்பும் குழாயும் அருகருகே வருமாறு சுற்றினால் அறை முழுவதும் ஒரே சீராகக் குளிரும். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப் போல ஐந்து மடங்குக்குக் குறையக் கூடாது. நைலான் பட்டையால் கம்பியோடு கட்டும்போது குழாய் நசுங்காத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பைண்டிங் வயரைப் பயன்படுத்தவே கூடாது, அதன் முனை குழாயைக் குத்திவிடும்.

ஃபேன் பாக்ஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு சாண் இடம் குழாய் இல்லாமல் விட வேண்டும். பிற்காலத்தில் யாராவது துளையிடப்போவது அங்கேதான். சமையலறைக்கும் குளியலறைக்கும் மேலே குழாய் வேண்டாம். அங்குள்ள காற்று வெளிக்காற்றைவிட ஈரமானது என்பதால், முதல் படியில் சொன்ன பாதுகாப்பு அங்கே செல்லாது. உத்திரத்துக்குள் குழாய்களைக் கற்றையாக நுழைப்பதும் கூடாது. தளத்தின் கனத்தையும் கம்பியின் அளவையும், குழாய் பதியும் என்பதை முன்கூட்டியே சொல்லி, கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடமாக வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி நாளில் கொத்தனாரிடம் சொல்லிச் சமாளிக்கும் வேலை அன்று இது.

ஆறு சுற்றுகளின் பன்னிரண்டு முனைகளும் மாடிப்படி அறையில் ஒரு மேனிஃபோல்டில், அதாவது நீரைச் சுற்றுகளுக்குப் பிரித்தனுப்பித் திரும்பச் சேர்க்கும் பொதுக் குழாயில், வந்து சேரட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் தனி வால்வு இருந்தால், பின்னாளில் ஒன்று பழுதானாலும் மற்ற ஐந்தும் ஓடும். தளத்தின் வெப்பத்தை அளக்கும் உணரியை நேராகக் கான்கிரீட்டில் புதைக்காமல், ஒரு வெற்றுக் குழாய்க்குள் செருகி வைத்தால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

படி 5: கான்கிரீட் போடும் நாள்

எல்லாச் சுற்றுகளிலும் நீர் நிரப்பி, காற்றை முழுவதும் வெளியேற்றி, முந்தைய நாளே 6 பார் அழுத்தத்தில், நம் பிளம்பர்கள் ‘ஆறு கிலோ’ என்று சொல்லும் அளவில், பூட்டி வைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் முதல் சில மணி நேரம் சற்று விரிந்துகொடுப்பதால் முள் இறங்கும். மறுபடி ஏற்றிவிட்டு, அதன்பின் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வெயில் ஏறி இறங்கும்போது முள் சிறிது அசைவது இயல்பு. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு.

கான்கிரீட் கொட்டத் தொடங்கியதிலிருந்து தேய்த்து முடியும் வரை அந்த அழுத்தம் அப்படியே இருக்க வேண்டும், பிரஷர் கேஜின் முன் ஒருவர் வேறு வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். திருவாரூர் அருகே நான் உடனிருந்த ஒரு கட்டடத்தில், மதிய உணவுக்குப் பின் வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது முள் ஆறிலிருந்து நான்குக்கு இறங்கியது. உடனே நிறுத்தச் சொல்லி, எந்தச் சுற்று என்று வால்வுகளை மூடிக் கண்டுபிடித்து, கலவையை வாரி எடுத்துப் பார்த்தபோது மண்வெட்டியின் முனை பட்டுக் குழாயில் நகக்கீறல் போன்ற ஒரு வெட்டு விழுந்திருந்தது. பித்தளை இணைப்பைப் போட்டு, அதன்மேல் நாடா சுற்றி, மறுபடி அழுத்தம் ஏற்றி, முக்கால் மணி நேரத்தில் வேலை தொடர்ந்தது. அந்த இணைப்பு இருக்கும் இடம் இரு சுவர்களிலிருந்து அளந்து வரைபடத்தில் குறிக்கப்பட்டது. கேஜைப் பார்த்துக்கொண்டிருக்க அன்று ஆள் இல்லாதிருந்தால், அந்தச் சுற்று என்றைக்கும் பயன்படாமல் போயிருக்கும்.

தள்ளுவண்டியும் ஆட்களும் குழாய்மேல் நடக்காதபடி பலகை போட வேண்டும். வைப்ரேட்டரின் ஊசியைக் குழாய்களுக்கு இடையில் மட்டுமே இறக்க வேண்டும். கான்கிரீட் மூடுவதற்கு முன், ஒவ்வொரு அறையின் குழாய்ப் பாதையையும் அளவுநாடாவோடு சேர்த்துப் புகைப்படம் எடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்து சூரியத் தகட்டுக்குக் கால் நடவோ பால்ஸ் சீலிங் மாட்டவோ வருபவருக்கு அதுதான் வழிகாட்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தும் நாட்கள் முழுவதும், அழுத்தத்தைக் காலையும் மாலையும் குறித்து வருவது நல்லது.

படி 6: நீரை ஆற்றும் கோபுரம்

ஆற்றிலும் வாய்க்காலிலும் நீர் ஓடும் ஊரில் அந்த நீரையே எடுத்து ஓட்டலாமே என்று பலர் கேட்கிறார்கள். மேட்டூர் அணை திறக்க மரபாகக் குறித்த நாள் ஜூன் 12. கத்திரி வெயில் மே மாதத்திலேயே முடிந்துவிடுகிறது. நமக்குக் குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் நாட்களில் வாய்க்காலில் மணல்தான் இருக்கும். போர்வெல் நீரை ஒருமுறை ஓட்டி வெளியே விடுவதோ, நிலத்தடி நீர் உப்பாகிக்கொண்டிருக்கும் மண்ணில் செய்யத் தகாத காரியம்.

ஆகவே, மொட்டை மாடியில் நிழலான, காற்றோட்டமான இடத்தில் நீரைத் துளிகளாக்கி விசிறிக் காற்றில் விழவிட்டு ஆற்றும் ஒரு சிறு குளிர்விப்புக் கோபுரத்தை அமைக்க வேண்டும். 3000 வாட் வெப்பத்தை நீக்க மணிக்குச் சுமார் நாலரை லிட்டர் நீர் ஆவியாகும். பத்து மணி நேரத்துக்கு 45 லிட்டர் என்றால், மூன்று நான்கு குடம். அதோடு, உப்பு சேராமலிருக்க அவ்வப்போது வெளியேற்றும் நீரையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

கோபுரத்து நீரையே தளத்துக்குள் ஓட்டக் கூடாது. ஆவியாக ஆவியாக அதில் உப்பும் சுண்ணாம்பும் செறிந்து, ஒருமுறை பதித்தபின் எடுக்கவே முடியாத குழாயில் படிந்துவிடும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்து நீராக இருந்தால் சொல்லவே வேண்டாம். இடையில் ஒரு தகட்டு வெப்பமாற்றியை வைத்து, கோபுரத்து நீர் ஒரு புறமும் தளத்து நீர் மறுபுறமும் கலக்காமல் ஓட விடவேண்டும். இதனால் ஒன்றிரண்டு டிகிரி இழப்பு உண்டு. அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். தளத்துச் சுற்றில் 500 மீட்டர் குழாய்க்கும் சேர்த்து 57 லிட்டர் நீரே அடங்கும். தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு உங்கள் வீட்டில் ஒழுங்காக இருந்தால், வடிகட்டிய மழைநீரையே அரிப்புத் தடுப்பு மருந்து சேர்த்து அதில் நிரப்பிவிடலாம்.

கோபுரத்தின் தொட்டியைக் கொசுவலையால் மூடி, வாரம் ஒருமுறை முழுவதும் வடித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் கொசுவும் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமியும் தேங்கிய வெதுவெதுப்பான நீரில்தான் பெருகும்.

படி 7: எப்போது ஓட்டுவது

125 மில்லிமீட்டர் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோ எடையுள்ளது. அது ஒரு டிகிரி ஏறி இறங்க ஏறத்தாழ 75 வாட்-மணி வெப்பம் வேண்டும். இரவில் காற்று தணிந்திருக்கும்போது நீரை ஓட்டித் தளத்தை 4 டிகிரி இறக்கி வைத்தால், சதுர மீட்டருக்கு 300 வாட்-மணி இடம் அதில் காலியாகிறது. மறுநாள் பத்து மணி நேரம் 30 வாட் வீதம் வாங்கிக்கொள்ள அது போதும். எனவே இரவு எட்டு மணியிலிருந்து விடியும் வரை ஓட்டுவதே முதன்மை. பகலில், கோபுரத்து நீர் தளத்தைவிட இரண்டு டிகிரியாவது குளிர்ந்திருந்தால் மட்டும் பம்பு தானாக ஓடும்படி, இரண்டு உணரிகளை ஒப்பிடும் எளிய கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைப் பொருத்தினால் போதும். புதிதாக ஓட்டத் தொடங்கிய முதல் இரவிலேயே பலனை எதிர்பார்க்க வேண்டாம். தளம் முழுவதும் இறங்க இரண்டு மூன்று இரவுகள் ஆகும்.

கட்டி முடித்த வீடுகளுக்கு

இருக்கும் தளத்தின் மேல் குழாயை விரித்து, 50 மில்லிமீட்டர் கலவையால் மூடி, அதன்மேல் காப்பும் ஓடும் பதிக்கலாம். கலவை மட்டுமே சதுர மீட்டருக்கு 120 கிலோ கூடுதல் சுமை என்பதால், பொறியாளரின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் தொடங்கக் கூடாது. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் இன்னும் மிஞ்சியிருக்கும், தேக்குக் கட்டைமேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் தளங்களில் இதைச் செய்யவே வேண்டாம். அந்த வீடுகளின் முற்றத்தையும் திண்ணையையும் அடைக்காமல் வைத்திருப்பதே அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய உதவி.

ஏசி அளவுக்குக் குளிர் வேண்டுமென்றால்

மருத்துவமனை, வங்கி, அலுவலகம் போன்ற இடங்களில் 26 டிகிரி தேவைப்படலாம். அதுவும் முடியும், ஆனால் வரிசை மாறக் கூடாது. நம்மைப் போலவே புழுக்கமான பாங்காக்கில், 2006இல் திறக்கப்பட்ட சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைக்குழாயில் குளிர்நீர் ஓடுகிறது. ஈரம் நீக்கிய காற்று அதற்குத் தனியாக வருகிறது. ஹைதராபாதில் இன்ஃபோசிஸ் நிறுவனம் 2011இல் ஒரே கட்டடத்தின் ஒரு பாதியை, குழாய் நீரால் பரப்புகளைக் குளிர்விக்கும் இந்தக் கதிர்வீச்சு முறையிலும் மறுபாதியை வழக்கமான முறையிலும் குளிர்வித்து ஒப்பிட்டபோது, முதல் பாதிக்கு 34 விழுக்காடு குறைவான மின்சாரமே செலவானது.

அறை 26 டிகிரியிலும் ஈரப்பதம் 55 விழுக்காட்டிலும் இருந்தால் பனிநிலை 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அப்போது 18 டிகிரி நீரைத் துணிந்து ஓட்டலாம். காலையில் முதலில் ஈரநீக்கியை ஓட்டி, அறையின் பனிநிலை இறங்கியபின்னரே குளிர்நீரைத் திறக்க வேண்டும்; மாலையில் முதலில் குளிர்நீரை நிறுத்தி, பிறகே ஈரநீக்கியை நிறுத்த வேண்டும். சன்னல் ஒன்று திறந்தாலும் நீரோட்டம் தானாக நிற்கும்படி சுவிட்சு இருக்க வேண்டும். வாசற்கதவு நாளெல்லாம் திறந்தே கிடக்கும் கடைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் இது ஒத்துவராது.

பருவம் மாறும்போது

வடகிழக்குப் பருவமழை நாட்களில் காற்று நீரால் நிறைந்து, ஈரக்குமிழ் வெப்பநிலையும் பனிநிலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அப்போது ஆற்றிய நீரின் வெப்பநிலைக்கும் தளம் வியர்க்கத் தொடங்கும் வெப்பநிலைக்கும் இடையே இருந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. வெயிலும் இல்லாததால் தளத்துக்குக் குளிர்ச்சியும் தேவையில்லை. ஐப்பசி பிறந்ததும் பம்பை நிறுத்தி, கோபுரத்தை வடித்து உலர்த்திவிடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையே கரையேறிய கஜா புயலின்போது மொட்டை மாடிகளிலிருந்து என்னென்ன பறந்தன என்பதைக் கண்டவர்களுக்கு, கோபுரத்தைத் தளத்தோடு போல்ட்டால் பிணைக்கவேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோபுரத்து விசிறியின் இறகுகளைக் கழற்றி உள்ளே வைத்து, தளத்துச் சுற்றின் வால்வுகளை மூடி, அதில் உள்ள நீரை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். மாசியில் கேஜின் முள் விட்ட இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்து, மேனிஃபோல்டில் காற்றை வெளியேற்றி, தொட்டியைக் கழுவி நிரப்பி, பங்குனி முதல் வாரத்தில் இரவு ஓட்டத்தை மறுபடி தொடங்கலாம்.